டாக்ஸியிலிருந்து எடுத்த பிரேக்

கஸ்தானியா, கிரீஸ், மே 14, 1986

ஸ்டெரியோஸ்,

உன் காரை எடுத்து ஓட்டிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் நீ திட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வேறு வழியில்லாமல்தான் எடுத்தேன். சுகாதார நிலையத்து ஜீப்பின் கியர் பெட்டி உடைந்து, அதை வோலோஸ் நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். புது வண்டி வரும் என்கிறார்கள். எப்போது என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள். மலையில் எனக்கு ஏழு ஊர். இன்சுலின் போட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மேல் ஊரில் ஒருத்திக்கு மாதம் நிறைந்திருக்கிறது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்தக் குழந்தை பள்ளிக்கூடமே போய்விடும். கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சும்மா நிற்கிறது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஊரில் ஒரே சிரிப்பு. ஆப்பிள் லாரி லாம்ப்ரோஸ் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினான்: "நர்சம்மா, ஊசி போட வந்தீங்களா, பந்தயத்துக்கு வந்தீங்களா?" நானும் விடவில்லை. "உனக்குப் போட வேண்டிய ஊசிய நெனச்சேன், அதான் வேகமா வந்தேன்" என்றேன்.

ஏறும்போது தேர் மாதிரி ஏறுகிறது. இறங்கும்போதுதான் கதை வேறு. நேற்று கணவாயிலிருந்து இறங்கி வருகிறேன். பாதி மலையில் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. அடுத்த வளைவில் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பெடல் தரையில் படுத்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் மேட்டில் உரசி உரசி நிறுத்தினேன். இடது கண்ணாடி போய்விட்டது. எனக்கு ஒன்றுமில்லை.

நீ போன அன்று இந்தக் காரை "டப்பா" என்று சொன்னேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பலுக்குப் போனாய். அந்தச் சண்டை அப்படியே இருக்கட்டும், ஊருக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். பிரேக்குக்கு என்ன செய்வது, அதை மட்டும் எழுது. என் சம்பளம் என்ன என்று உனக்குத் தெரியும். அதை மனதில் வைத்து எழுது.

அசிமினா


சாந்தோஸ் துறைமுகம், பிரேசில், ஜூன் 9

அக்கா,

கப்பல் நிறுவனத்தின் ஏஜெண்ட் கொடுத்த கடிதத்தை என்ஜின் அறைப் படியிலேயே நின்று படித்தேன். படித்து முடித்ததும் கையிலிருந்த ஸ்பேனரை ஓங்கித் தரையில் போட்டேன். சீஃப் இஞ்சினியர் ஓடி வந்து, "யாராவது செத்துட்டாங்களாடா?" என்றார். "இல்ல சார், எங்கக்கா கார் ஓட்டுறா" என்றேன்.

அந்தக் காரை ஏதென்ஸில் ஒரு பல் டாக்டரிடமிருந்து குப்பையாக வாங்கினேன். அதில் ஒரு போல்ட்டைக்கூட இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. இன்னும் பெரிய என்ஜின் தேடிப்பிடித்து நானே தூக்கி வைத்தேன். அதைக் கொண்டுபோய் ஆட்டுப் பாதையில் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். உடனே தார்ப்பாயைப் போட்டு மூடு. சாவியை இருந்த இடத்தில் வை.

கடிதத்தை இதோடு முடித்து ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன். நீ மூட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

பெடல் பஞ்சு மாதிரி ஆனது என்றாயே, பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நான் கடலுக்கு வந்த பிறகு அதை யாரும் மாற்றவில்லை. சூடேறினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியை மிதித்தால் கால் தரைக்குத்தான் போகும். புது ஆயில் வாங்கு. நான்கு சக்கரத்து பிரேக் குழாயிலும் உள்ள காற்றை வெளியேற்று. இதற்கு அதிகம் செலவாகாது. ஆனால் ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். தனியாகச் செய்யாதே.

அதுவரை ஓட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்டெரியோஸ்


கஸ்தானியா, ஜூன் 30

ஸ்டெரியோஸ்,

ஆயில் மாற்றியாயிற்று. பெடலை மிதித்தது யார் தெரியுமா? நம் பாதிரியார் ப்ரோகோபிஸ். வேறு ஆம்பளைகள் எல்லாரும் செர்ரி பறிக்கப் போய்விட்டார்கள். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உன் இருக்கையில் உட்கார்ந்தார். தாடி ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டது.

"மிதிங்க சாமி!" என்று அடியிலிருந்து கத்துவேன். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று சொல்லிக்கொண்டே மிதிப்பார். "பிடிச்சிருங்க... விடுங்க!" மறுபடி "ஆண்டவரே, இரக்கமாயிரும்." கண்ணாடிக் குப்பியில் குமிழி குமிழியாக வந்தது கறுப்புத் தண்ணீர். அதையா நம்பி மலை இறங்கினேன் என்று பார்க்கவே கூச்சமாக இருந்தது. கடைசியில் தேன் நிறத்தில் சுத்தமாக ஓடியது. சாமி இறங்கி முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஈஸ்டர் பூசைக்குக்கூட இவ்வளவு தடவ சொன்னதில்லம்மா."

பெடல் இப்போது கல் மாதிரி இருக்கிறது. மேல் ஊர்க்காரி பெற்றுவிட்டாள், பெண் குழந்தை. நல்ல நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆனால் விஷயம் முடியவில்லை. நீண்ட இறக்கத்தில் இன்னும் கருகல் வாடை வருகிறது. சக்கரத்திலிருந்து புகை கிளம்புகிறது. பெடல் கீழே போகவில்லை, சரி. ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது. பெரிய என்ஜினை வைத்தாயே தம்பி, அதை நிறுத்துவதற்கு என்ன வைத்தாய்? பிரேக் கவ்விப் பிடிக்கிற டிஸ்க்கைப் பார்த்தேன், காப்பித் தட்டு அளவுதான் இருக்கிறது.

அதனால் வோலோஸில் ஸாபிரிஸின் காயலான் கடைக்குப் போனேன். பக்கவாட்டில் அடிபட்டு நசுங்கிய ஒரு பெரிய டாக்ஸி அங்கே கிடக்கிறது. முன்பக்கம் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அதன் பிரேக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். டிஸ்க் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. இரண்டு தகடுகள், நடுவே காற்று போக இடைவெளி. "இது என் காருக்கு ஆகுமா?" என்று கேட்டேன்.

"தானா ஆகாது. ஆக்கினா ஆகும்" என்றார் ஸாபிரிஸ்.

"விலை?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நர்சுதானே? எனக்கும் என் சம்சாரத்துக்கும் வாரா வாரம் ஊசி போடணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. ஆஸ்பத்திரி நர்சு குத்தினா மூணு நாளைக்கு உக்கார முடியல. குளிர்காலம் வரைக்கும் நீங்க வந்து போட்டு விடுங்க. பிரேக்க கழட்டிக்கிட்டுப் போங்க."

ஒத்துக்கொண்டேன். பிரேக் இப்போது சமையலறை மேசை மேல் இருக்கிறது.

அசிமினா


டக்கார், ஆகஸ்ட் 2

அக்கா,

என் காரில் டாக்ஸி பிரேக்கா! என் நண்பர்கள் யாருக்கும் இதை எழுதிவிடாதே. தலை காட்ட முடியாது.

ஆனாலும் உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே ஒன்று நடந்தது. அதை எழுதினால் டாக்ஸி பிரேக்குக்கு நான் ஏன் சம்மதிக்கிறேன் என்று உனக்குப் புரியும். டக்காருக்கு வெளியே மூடுபனி. இருபதாயிரம் டன் கோதுமை ஏற்றிக்கொண்டு வருகிறோம். திடீரென்று மேலே கேப்டனிடமிருந்து மணி: முழு வேகத்தில் பின்னோக்கி. முன்னால் ஒரு மீன்பிடி மரக்கலம். என்ஜினை நிறுத்தி, எதிர்ப்பக்கம் சுழல விட்டோம். கப்பல் முழுக்க, பல் வரைக்கும் நடுங்கியது. நான் கீழே நிற்கிறேன், வெளியே நடப்பது எதுவும் தெரியாது. என்ஜின் எதிர்ப்பக்கம் கதறுகிறது, கப்பல் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. போகிறது, போகிறது. எங்களால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம். இனி காத்திருப்பது ஒன்றுதான் வேலை. அந்த மரக்கலம் எங்கள் பக்கவாட்டில் உரசாமல் நழுவிப் போனதாம். மேலே ஏறிப் பார்த்தபோது அதிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கையசைக்கவில்லை, திட்டவும் இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் எதையாவது ஓட வைப்பதே என் வேலை, என் பெருமை. ஓடுகிற ஒன்றை நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் யோசித்ததே இல்லை. ஓட்டம் எங்கேயும் காணாமல் போவதில்லை அக்கா. அவ்வளவும் சூடாகித்தான் தீர வேண்டும். காரில் அந்தச் சூட்டையெல்லாம் தாங்குவது அந்த இரண்டு தட்டுகள்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். டிஸ்க்கில் காரின் அச்சுக்குப் பொருந்தும்படி புதுத் துளை போட வேண்டும். டிஸ்க்கைக் கவ்வுகிற கேலிப்பரைப் பிடித்து நிறுத்த இடையில் ஒரு கனமான இரும்புத் தகடு வேண்டும். வோலோஸ் துறைமுகத்தில் லேத் வைத்திருப்பவரிடம் கொடு. வரைபடம் இத்துடன் இருக்கிறது. அலுமினியத்தில் செய்கிறேன் என்பார், விடாதே. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் அந்த டாக்ஸியிலிருந்தே எடு. இல்லாவிட்டால் பெடல் பாதித் தூரம் சும்மா போகும். பின் பிரேக்கைத் தொடாதே. முன்சக்கரம் முதலில் பிடிக்கலாம். பின்சக்கரம் முந்திக்கொண்டால் வண்டி சுற்றிவிடும். டிஸ்க்கில் உரசுகிற பிரேக் பேட் புதிதாக வாங்கு, அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கடைசியாக, முன்பக்கம் விளக்குக்குக் கீழே இருக்கும் ஓட்டையிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு குழாய் வழியாகக் காற்று விடு. காற்றுக்குக் காசு இல்லை.

"டப்பா" என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

ஸ்டெரியோஸ்


கஸ்தானியா, செப்டம்பர் 21

தம்பி,

மாட்டிவிட்டோம்!

லேத்துக்காரர் அலுமினியம் என்றுதான் ஆரம்பித்தார். "என் தம்பி கப்பலிலிருந்து கத்துவான்" என்று உன் வரைபடத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு இரும்பை எடுத்தார். காற்றுக்குழாய் எங்கே கிடைத்தது தெரியுமா? ஆப்பிள் தோட்டத்தில் மருந்தடிக்கிற பழைய இயந்திரத்தின் குழாய். மழை பெய்தால் இன்னும் கந்தக வாடை வருகிறது.

எல்லாம் மாட்டி முடித்துப் பார்த்தால் சக்கரம் அதன் மேல் ஏறவில்லை. பிரேக் அவ்வளவு பெரிது! தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். ஸாபிரிஸ் போனில் சிரித்தார்: "டாக்ஸிக்கு சக்கரமும் இருந்துச்சே நர்சம்மா." அதையும் வாங்கி, துளையை இதற்கேற்ப மாற்றி மாட்டினோம். உன் அழகான சக்கரங்களைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். இப்போது உன் கார், பட்டுக் கவுனுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட மணப்பெண் மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

புது பிரேக் பேட்டைப் பழக்க வேண்டும் என்றார் லேத்துக்காரர். வேகமாகப் போக வேண்டும், நிற்காமல் வேகத்தைக் குறைக்க வேண்டும், மறுபடி வேகம். கடற்கரைச் சாலையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"வேகமா போறீங்க, மெதுவாகுறீங்க, மறுபடி வேகமா போறீங்க. குடிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க, புது பிரேக்கப் பழக்குறேன்."

"பிரேக்க என்ன பள்ளிக்கூடத்துலயா சேர்த்திருக்கீங்க?"

பக்கத்து இருக்கையில் இருந்த ஊசிப் பெட்டியைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு கணவாய்க்கு ஏறினேன். எதிரே மலை முழுக்க மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. மேலே நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தேன். நீ எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பார்த்தேன். பிறகு இறங்கினேன். முதல் வளைவில் காலை வைத்தேன்.

ஸ்டெரியோஸ், நான் எப்படிச் சொல்ல? வண்டி தன் வேகத்தை என் காலடியில் கொண்டுவந்து வைத்தது. அவ்வளவுதான். கத்தவில்லை, குதிக்கவில்லை. இவ்வளவு மிதித்தால் இவ்வளவு நின்றது. பாதி மிதித்தால் பாதி. கீழே வரைக்கும் அப்படியே. கீழே வந்து காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நோயாளிகளின் நாடியைப் பிடித்துப் பிடித்துப் பழகியவள் நான். பெரிய சக்தி ஒன்று இவ்வளவு பணிவாகக் கைக்குள் வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

இது டப்பா இல்லை. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

அசிமினா


கஸ்தானியா, அக்டோபர் 19

தம்பி,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி. காரின் பின்பக்கம் நசுங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை. மேல் ஊரில் பிறந்த அந்தப் பெண் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன், விடாமல். கண்ணாடியில் பார்த்தேன். லாம்ப்ரோஸின் லாரி. மேலே ஆப்பிள் பெட்டிகள், பெட்டிகள் மேல் பறிக்கிற பெண்கள், ஆறேழு பேர். பகல் வெளிச்சத்தில் விளக்கு எரிகிறது. லாம்ப்ரோஸ் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு ஆட்டுகிறான். வழி விடு என்று. அவன் பிரேக் போய்விட்டது. கியரைக் குறைக்கப் பார்த்திருக்கிறான். கியர் நழுவி, திரும்ப விழவில்லை. லாரி சும்மா உருண்டு வருகிறது.

உனக்கு அந்த இடம் தெரியும். இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேரான சாலை. அது முடிகிற இடத்தில் கொண்டை வளைவு, தடுப்புச் சுவர் கிடையாது. அதற்கப்புறம் வானம்தான்.

ஓரமாக ஒதுங்கியிருக்கலாம். அவன் என்னைத் தாண்டிப் போயிருப்பான். அந்தப் பெண்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. ஏன் கத்தாமல் இருந்தார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நான் மிதித்தது பிரேக்கை இல்லை. வேகத்தைக் கூட்டினேன். பள்ளத்தை நோக்கி, இறக்கத்தில். அவன் வேகத்துக்கு நானும் போனால்தான் மோதல் மெதுவாக விழும். கை நீட்டி அவனை என் பின்னால் வரச் சொன்னேன். அவனுக்குப் புரிந்தது. லாரியின் மூக்கு என் முதுகில் வந்து முட்டியது. கண்ணாடி நொறுங்கியது, தகரம் மடங்கியது. அந்த முழு எடையும் என் முதுகில் உட்கார்ந்தது. பிறகு காலை வைத்தேன்.

மெதுவாக. ஊசி மருந்தை ஏற்றுகிற மாதிரி. அவசரப்பட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி சுற்றும், எல்லாரும் போவோம். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிற இடம் எனக்குக் காலில் தெரிந்தது. அதற்கு ஒரு மயிரிழை முன்னால் பிடித்து நின்றேன். பெடல் கீழே போகவே இல்லை. ஒரு மலையை மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. சாலை முடிகிற இடம் வந்துகொண்டே இருந்தது. வந்துகொண்டே இருந்தது. பிறகு வருவது நின்றது.

என் முன்சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு கழுதை நிற்கலாம், அவ்வளவு இடம்.

சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. அப்போதுதான் ஆப்பிள்கள் வந்தன. பெட்டிகள் உடைந்து, லாரியின் இரண்டு பக்கமும் கொட்டி, என் காரைத் தாண்டி, இறக்கத்தில் உருண்டன. நூறு நூறாக, சிவப்பாக. சாலையின் விளிம்பில் ஒரு சின்னத் துள்ளல், பிறகு இல்லை. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் நின்றுவிட்டோம், அவை நிற்கவில்லை. கடைசி ஆப்பிள் போகும் வரை ஒருவரும் அசையவில்லை.

லாம்ப்ரோஸின் விரல்களை ஸ்டீயரிங்கிலிருந்து ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். "நர்சம்மா" என்றான். "நர்சம்மா, நர்சம்மா."

பெண்கள் இறங்கி என்னிடம் வரவில்லை. காரின் முன்சக்கரத்துப் பக்கம் போனார்கள். அங்கே மர நிழல். டிஸ்க் அடுப்புக் கங்கு மாதிரி செக்கச்செவேலென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் குந்தி உட்கார்ந்து சக்கரத்து இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். கரிபாலியா, பல்லில்லாத அந்தக் கிழவி, அதன் பக்கம் கையை நீட்டி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டாள். "நாம வந்த வேகமாடி இது?" என்றாள். "ஆமாம்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். நிறம் மங்கிக் கறுப்பாகும் வரை அங்கேயே இருந்தார்கள்.

பெடலை அதற்கப்புறம் தொட்டுப் பார்த்தேன். இன்னும் கல்தான்.

அசிமினா


கடலிலிருந்து, சூயஸில் தபாலில் சேர்ப்பேன்
ஜனவரி 25, 1987

அக்கா,

உன் அக்டோபர் கடிதம் என்னைத் தேடி இரண்டு துறைமுகம் சுற்றிவிட்டு வந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை. விடுமுறை கேட்டு ஊருக்கு வந்துவிட்டேன். வந்த பிறகும் அதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. பின்பக்கத் தகரத்தைத் தட்டி நேராக்கினேன், புது விளக்கு மாட்டினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். லாம்ப்ரோஸ்தான் தினமும் ஒரு கூடை ஆப்பிளை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனான். அவன் லாரிக்கு நான் பிரேக் மாற்றிக் கொடுத்தேன்.

நான் கிளம்பிய அன்று நீதான் என்னை வோலோஸ் வரை கொண்டுவந்து விட்டாய். இனி எழுதப் போவது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ சாலையைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

லாரியோடு நீ நின்ற அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாய். இறங்கிப் போய்ப் பார்த்தேன். உன் டயர்கள் தேய்த்த இரண்டு கறுப்புக் கோடுகள். மழையும் பனியும் அவற்றை இன்னும் அழிக்கவில்லை. ஆரம்பிக்கிற இடத்திலிருந்து அவற்றோடு நடந்தேன். முதலில் மங்கலாக, பிறகு அழுத்தமாக, வளையாமல், நடுங்காமல், ஒரே சீராக. நடக்க நடக்க எனக்கு மூச்சு வாங்கியது, அது இறக்கம்தான் என்றாலும். கோடு முடிகிற இடத்தில் நின்று கீழே பார்த்தேன். கழுதை நிற்கலாம் என்று எழுதியிருந்தாய். பொய். கழுதைக்குட்டிதான் நிற்கும்.

இந்தக் கைகள் எத்தனையோ பெரிய என்ஜின்களைப் பிரித்துப் போட்டிருக்கின்றன. நாலு மாடி உயரம் உள்ளவை. அவற்றில் எதன் முன்னாலும் நான் தொப்பியைக் கழற்றியதில்லை. அங்கே கழற்றினேன். நீ காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய் என்று பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. சிகரெட் பற்றவைக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

திரும்பி வந்து ஏறினேன். நீ வண்டியை எடுத்தாய். கொண்டை வளைவு வந்தது. காலை வைத்தாய், கார் குனிந்து வணங்குகிற மாதிரி மெதுவாகி, திரும்பி, மறுபடி நிமிர்ந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்குப் பயமா இருந்துச்சா?"

இன்னும் இரண்டு வளைவு தாண்டினோம். கடல் தெரிந்தது. நான் கேட்டதை நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நேரமில்லடா" என்றாய். "அப்புறமும் வரல. தினமும் இதே வழிலதான் போறேன், வர்றேன். ஒண்ணும் இல்ல." பிறகு சொன்னாய்: "இப்பதான் பயமா இருக்கு. நீ பக்கத்துல உக்காந்திருக்கியே, அதனாலதான்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உன் கைகளைப் பார்த்தேன். ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. வண்டி நடுங்கவில்லை. அது நேராகவே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டெரியோஸ்